சிவசண்முகத்தின் கடைவாய்ப்பல்

பல் டாக்டர் அஞ்சலினுக்குப் புரியவேயில்லை. தவறாமல் வந்து பல்லைச் சுத்தம் செய்துகொள்கிற சிவசண்முகத்துக்குப் போன வருஷம் ஒரு பல் போயிற்று. இப்போது கடைவாய்ப்பல்லும் ஆடுகிறது. காரணம் தெரியாவிட்டால் இதையும் பிடுங்க வேண்டியதுதான்.

அவர் வாயைப் பிளந்தபடி கிடக்க, பதில் சொன்னதெல்லாம் மனைவி கோமுதான்.

"அண்ணாச்சிக்குப் பீடி, சிகரெட்டு உண்டுமாக்கா?"

"கிட்ட அண்ட விடுவேனா டாக்டரம்மா?"

"வாயில பொயல அடக்குவாகளா?"

"மூச்!"

"சர்க்கரை வியாதி?"

"போன வாரந்தான் ரத்தம் பாத்தோம். எனக்குத்தான் இருக்காம், இவுகளுக்கு இல்ல!"

"தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்காகளா?"

"ச்சே! பக்கத்துலதான படுக்கேன்? ஒரு சத்தம் கேட்டதில்ல."

சிவசண்முகம் "ஆ... ஆ..." என்று கையை ஆட்டினார்.

"சும்மா கெடங்க!"

அவர் விடாமல் கோமுவின் காதைக் காட்டினார். அஞ்சலின் திரும்பிப் பார்த்தாள். கோமு முடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் இருந்த மிஷினைத் தொட்டுக் காட்டினாள்.

"இதையா சொல்லுதாக? இது பகலுக்கு மட்டுந்தான். ராத்திரி கழட்டி வச்சுட்டுப் படுத்தா, இடி விழுந்தாலும் எனக்குக் கேக்காது!"

அஞ்சலின் கையில் எடுத்த ஊசியை மூடி வைத்தாள்.

"பல்லைப் பிடுங்க வேண்டாம் அண்ணாச்சி. ராத்திரி பல்லுல மாட்டிக்க ஒரு உறை செஞ்சு தாரேன்."