இன்னும் ஒரு வருஷம் தாங்கும்

முதல் குத்திலேயே மெக்கானிக்கின் உதடு கிழிந்தது.

"ரெண்டு காரையும் சர்வீசுக்குத்தானேடா விட்டேன்? யாரைக் கேட்டு என் பொண்டாட்டி வண்டிக்குப் புது டயர் போட்டே? பழசே இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார். ஆனா டயரெல்லாம் மொட்டை. உள்ள இருக்கிற கம்பியே வெளிய தெரிஞ்சுது. மேடம்தான் நேர்ல வந்து மாத்தச் சொன்னாங்க. அந்தப் பழைய டயரை..."

அடுத்த குத்து மூக்கை உடைத்தது.

"நாளைக்கு அவ தனியா மலை இறங்கப் போறாடா! பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டம். மொத்தத்தையும் கெடுத்துட்டியே, பாவி!"

"ஐயோ, அந்தப் பழைய டயரை..."

வீல் ஸ்பேனர் தோளில் இறங்கியது. மெக்கானிக் சுருண்டு விழுந்தார்.

"டயராவது மண்ணாங்கட்டியாவது! இப்பவே போய் என் கையாலயே அவ கதையை முடிக்கிறேன்."

தன் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான். கார் சீறிக்கொண்டு நெடுஞ்சாலையில் பறந்தது.

பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து தூக்கினார். மெக்கானிக் ரத்தத்தைத் துப்பினார்.

"சொல்ல விட்டாத்தானே! 'அவர்தான் தாங்கும் தாங்கும்ங்கிறாரே, கழட்டின நாலையும் அவர் வண்டியிலயே மாட்டிடுங்க'ன்னு மேடம் சொல்லிட்டாங்கய்யா."