திகதி தெரிந்தவர்

“இண்டைக்கு மணி அடிக்கப் போறது உமக்கு மட்டும்தான் தெரியும், நிரோஷினி. பிறகு எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொல்லேலாது.”

“போனமுறையும் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, அண்ணை.”

“அப்ப ஆர் சொன்னது? சுவரோ?” என்றார் ஜெயரட்ணம்.

நிரோஷினி கணினிப் பக்கம் திரும்பினாள். அலாரக் கொம்பனிக்கு அனுப்பவேண்டிய அறிவித்தலைத் தட்டச்சுச் செய்தாள்: இன்று காலை பத்து மணி, தீ ஒத்திகை. அவள் ஒப்பந்தத்தில் இருப்பவள். நிரந்தர வேலைக்கான பட்டியலை வெள்ளிக்கிழமை மேலிடத்துக்கு அனுப்பப்போகிறவர் ஜெயரட்ணம்தான்.

ஸ்காபரோவில் இருந்த அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பொறுப்பு அவருடையது. உள்ளே நாற்பது பேர், கூரைவரை அட்டை. தீப்பிடித்தால் வெளியேறுவதற்கு மூன்று நிமிடம்தான் இருக்கும். கோடையில் பிரச்சினை இல்லை. குளிர் தொடங்கியதும், மணி அடித்தால் எல்லோரும் வாசலுக்கு ஓடாமல் ஜக்கற் எடுக்க லொக்கருக்கு ஓடினார்கள். நவம்பர் ஒத்திகையில் ஏழு நிமிடம். கடைசி ஆள் வரும்வரை வெளியே நின்று எண்ணிய ஜெயரட்ணத்துக்கு அன்று பிடித்த சளித் தடிமன் இரண்டு கிழமை விடவில்லை. டிசம்பரில் ஆறு நிமிடம்.

ஜனவரியில் நடந்ததுதான் அவருக்கு விளங்கவில்லை. பாதிப் பேர் ஜக்கற்றோடு, கழுத்துவரை சிப் இழுத்தபடி, மூன்று நிமிடத்துக்குள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். மேலிடம் பாராட்டியது. அவருக்கு அந்தப் பாராட்டு நெஞ்சில் குத்தியது. நெருப்பு திகதி சொல்லிவிட்டா வரும்? யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். அது யார் என்று பிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தார்.

கதவு தட்டப்பட்டது. பெட்டிக் கணக்குத் தாளோடு பேபியக்கா தலையை நீட்டினார். இருபது வருடமாக அங்கே வேலை செய்பவர். முதலாளியையே ‘தம்பி’ என்று கூப்பிடுபவர்.

“என்ன தம்பி, உடம்பு சுகமில்லையோ?”

“எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கிறன்.”

“அப்ப சந்தோசம்,” என்று தாளை வைத்துவிட்டுப் பேபியக்கா கொஞ்சம் அவசரமாகவே போனார்.

ஜெயரட்ணம் மேசையில் கிடந்த நேற்றைய கோப்பிக் கிண்ணத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, பிளாஸ்கைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். பிறகு மேசை லாச்சியை இழுத்து ஒரு கடித உறையை எடுத்து மேலே வைத்தார். அதில் நிரோஷினியின் பெயர் இருந்தது.

“எச்சரிக்கைக் கடிதம். ஆக்கள் இண்டைக்கும் ஜக்கற்றோடை வந்தா இது உமக்கு. வராட்டி நானே கிழிச்சுப்போட்டு உம்மட்டை மன்னிப்புக் கேப்பன்.”

“சரி அண்ணை,” என்றாள். பார்வையைத் தாழ்த்தவில்லை.

பத்து மணிக்கு ஜெயரட்ணம் ஜக்கற்றை மாட்டி, பிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் மணியை இழுத்தார். பார்க்கிங்கில் நின்று நேரம் பார்த்தார். வெளியே மைனஸ் பதினெட்டு.

முதலாவதாக வந்தது பேபியக்கா. ஜக்கற், கம்பளித்தொப்பி, கையுறை, கழுத்தைச் சுற்றிச் சால்வை. பின்னால் பிரியந்தன், அன்ரனெற், மற்ற எல்லோரும் அப்படியே.

“அண்ணை, போட்டோ எடுக்கேல்லையோ?” என்று பிரியந்தன் கத்தினான். சிரிப்பு எழுந்தது.

இரண்டு நிமிடம் பத்துச் செக்கன். முப்பத்தொன்பது பேர், முப்பத்தொன்பது ஜக்கற்.

நாற்பதாவதாக நிரோஷினி வந்தாள். மெல்லிய சுவெற்றர் மட்டும். கைகளைக் கட்டிக்கொண்டு, பல் கிட்ட, வரிசையின் கடைசியில் நின்றாள்.

“உம்மட ஜக்கற் எங்கை?”

“லொக்கருக்குப் போகப்படாதெண்டுதானே நோட்டீஸ் அடிச்சனாங்கள்.”

ஜெயரட்ணம் ஒரு கணம் தயங்கினார். ஆனால் கண்முன்னே முப்பத்தொன்பது ஜக்கற் நின்றது. சொன்ன சொல்லில் நிற்கவேண்டும். ஜக்கற் பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினார். விறைத்த விரல்களால் அவளால் அதைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. பனியில் விழப்போன உறையைப் பேபியக்கா பிடித்துக்கொண்டார்.

“இந்தக் குளிருக்கை இவளுக்கு என்ன கடுதாசி?”

“நீங்கள் விலகுங்கோ, பேபியக்கா. ஒத்திகை நாளை வெளியிலை சொன்னதுக்கு. அது தெரிஞ்ச ஒரே ஆள் இவதான்.”

“ஆர், இவளோ?” பேபியக்கா தன் சால்வையைக் கழற்றி நிரோஷினியின் தோளைச் சுற்றிப் போர்த்தினார். “காலமை இவளிட்டை ரெண்டுதரம் கேட்டனான், தம்பி. வாயே திறக்கேல்லை.”

“அப்ப உங்களுக்கு ஆர் சொன்னது? இண்டைக்கு எனக்கு அது தெரிஞ்சாகவேணும்.”

பேபியக்கா அவருடைய கக்கத்திலிருந்த பிளாஸ்கைப் பார்த்தார்.

“இந்தாரும், இந்தக் கடுதாசியை மடிச்சு உள்ளுக்கை வையும். கோப்பி குடிக்கிற மனுசன் நீர், ஒத்திகை நாளிலை மட்டும் கொத்தமல்லித் தண்ணியோடை வாறீர். இனிமேலாவது வீட்டிலை சொல்லி வேர்க்கொம்புச் சுக்கைக் கொஞ்சம் குறைக்கப் பாரும், கடைசி மெசின்வரை மணக்குது.”