அக்காவின் தட்டு

ஐந்து நாளாகத் தப்பான புட்டியிலிருந்து ஊற்றியிருக்கிறோம் என்பது, ஆய்வகத்தில் வேலை பார்த்த தங்கைக்குச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. சர்க்கரையோ கொழுப்போ சேர்க்காத சத்துநீர் அது. கண்ணாடித் தட்டில் இருந்தவையோ, அவள் அக்காவின் தோலிலிருந்து எடுத்து இதயத் தசையாக வளர்த்த உயிரணுக்கள். அக்காவுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளும் என்று வெள்ளிக்கிழமை அவற்றில்தான் பார்க்கவேண்டும். மறுபடி வளர்க்க நாளில்லை.

உயிரணுக்கள் ஆற்றலைக் கட்டிவைத்துக்கொள்வதில்லை. சர்க்கரையை எரித்துக் கிடைப்பதை அந்தந்த நொடியே செலவழித்துவிடும். ஐந்து நாள் பட்டினியை எதுவும் தாங்காது. அவள் நுண்ணோக்கியில் குனிந்தாள்.

எல்லாம் ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டிருந்தன. எதையோ மும்முரமாக எரிப்பதாக, அவை இழுக்கும் ஆக்சிஜனை அளக்கும் கருவியும் காட்டியது.

"அடேயப்பா!" என்று வாய்விட்டே சொன்னாள்.

பழைய பதிவுகளைப் பார்த்தாள். தினமும் காலை எட்டுக்கும், பகல் ஒன்றரைக்கும், இரவு ஒன்பதுக்கும் துடிப்பு ஏறியிருந்தது. அவை அவள் சாப்பிடும் நேரங்கள். சனிக்கிழமை பகல் மட்டும் ஏறவில்லை. அன்று வேலை மும்முரத்தில் அவள் சாப்பிட மறந்திருந்தாள். இந்த ஐந்து நாளில் கைக்கடிகாரம் முழங்கைவரை நழுவும் அளவுக்கு இளைத்துமிருந்தாள்.

ஒன்றரைக்கு உணவறையில் தன் ரொட்டியை முடித்துவிட்டு, தோழியின் டப்பாவையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"என்னடி, ரெண்டு பேருக்குச் சாப்பிடுற? ஏதாவது விசேஷமா?"

"ரெண்டா? மூணு லட்சம் இருக்கும்டி," என்றாள், வாய் நிறைய மென்றபடி. "அந்த முட்டையையும் இப்படித் தள்ளு. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்."