ஒரு வார்த்தைகூட மாறாது

"நான் ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீ சொல்றது அப்படியே பதிவாளர் காதுக்குப் போகும். புரிஞ்சுதா?"

பதிவு அலுவலக வராந்தாவில் நின்றுகொண்டு மொழிபெயர்ப்பாளர் அம்மா கல்யாணப் பெண்ணிடம் இப்படிச் சொன்னார்.

"புரிஞ்சுது மேடம்."

"பொண்ணு பயந்துக்கிட்டு சம்மதிக்கிறாள்னு பதிவாளருக்குத் துளி சந்தேகம் வந்தாலும் கல்யாணத்தை நிறுத்திடுவார். மூணு மாசம் விசாரணை. அது இங்க சட்டம்."

மூன்று மாதத்துக்கு எங்கே போவது? வெள்ளிக்கிழமையோடு அவள் விசா முடிகிறது. அப்பா அன்றைக்கே ஊர் திரும்ப டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார். மாப்பிள்ளையும் பார்த்தாயிற்று. வீட்டுக்குப் போன நிமிஷமே அவள் பாஸ்போர்ட் அப்பாவின் பீரோவுக்குள் போய்விடும். அப்புறம் அது வெளியே வராது.

பக்கத்தில் அவள் கட்டிக்கொள்ளப்போகும் நெட்டையன் கோட்டும் சூட்டுமாக நின்றிருந்தான். இந்த நாட்டுக்காரன். அவள் வேலை பார்க்கும் பல்செட் லேபில் அச்சு வார்க்கிறவன். அவள் பேசும் அரைகுறை மொழியில் அவனோடு உருப்படியாக ஒரு சண்டைகூட இன்னும் போட்டதில்லை. "அவளுக்குத்தான் எங்க மொழி தெரியுமே, எதுக்கு மொழிபெயர்ப்பாளர்?" என்று அவனும் கேட்டுப் பார்த்தான். வெளிநாட்டுப் பெண் தாய்மொழியில்தான் சம்மதம் சொல்ல வேண்டுமாம்.

அந்த அம்மா பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

"இது உங்க அப்பாவா? இவர் தம்பி இங்க பார்சல் கம்பெனியில இருக்காரே?"

"சித்தப்பா" என்றாள்.

"தெரியும். அவர் வீட்டுப் பேப்பர் எல்லாத்தையும் நான்தான் மொழிபெயர்க்கிறேன்."

போச்சு. நேற்றே அறைத்தோழி சொன்னாள்: "அந்தம்மாவா வர்றாங்க? செத்தே நீ. அம்பத்தஞ்சு வயசாச்சு, கல்யாணம் ஆகல. அடுத்தவங்க கல்யாணம்னாலே அவங்களுக்கு எரியும்."

இன்று சாயங்காலத்துக்குள் சித்தப்பாவுக்குத் தெரிந்துவிடும். அடுத்த நிமிஷம் அப்பாவுக்கு. அம்மாவை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருந்தது. அப்பாவின் கோபம் முதலில் அம்மா மேல்தான் பாயும்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

ஒரு மேஜை, நான்கு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். பதிவாளர் கண்ணாடி வழியாக அவள் கைகளையே பார்த்தார். அவள் கைகளை மேஜைக்குக் கீழே ஒளித்துக்கொண்டாள்.

நெட்டையனிடம் கேட்டார். அவன் அறையே அதிர்கிற மாதிரி சம்மதம் என்றான்.

அடுத்து அவள்.

அந்த அம்மா பதிவாளர் கேட்டதை நிதானமாகத் தமிழில் சொன்னார். "யாரோட வற்புறுத்தலும் இல்லாம, எந்தப் பயமும் இல்லாம, சொந்த விருப்பத்தோட இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறியா?"

சம்மதம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மடியில் இருந்த செல்போன் அதிர்ந்தது. திரையில் அப்பா.

"எனக்குப் பயமா இருக்கு மேடம்" என்று வந்துவிட்டது. "ரொம்பப் பயமா இருக்கு. கையெல்லாம் நடுங்குது. என்ன செய்யறதுன்னே தெரியல." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பெண் என்ன சொல்கிறாள்?"

மண்ணை அள்ளித் தன் தலையில் தானே போட்டுக்கொண்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நெட்டையனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முகத்தையும் அந்த அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

அந்த அம்மா பதிவாளருக்குப் பதில் சொல்லாமல் அவள் பக்கம் திரும்பினார்.

"பயம் இவனைப் பார்த்தா, வீட்டைப் பார்த்தா?"

"வீட்டைப் பார்த்துதான்."

"இவனைக் கட்டிக்க இஷ்டம்தானே?"

"இவன் இல்லேன்னா செத்துடுவேன் மேடம்."

"அதெல்லாம் சாக வேண்டாம்" என்றார். பிறகு பதிவாளர் பக்கம் திரும்பி, அவர் மொழியில் சொன்னார். அரைகுறையாக இருந்தாலும் அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"முழு மனதோடு சம்மதம் என்கிறாள். அம்மா பக்கத்தில் இல்லையே என்று அழுகிறாள்."

பதிவாளர் புருவத்தை உயர்த்தினார். "அவ்வளவு நேரம் பேசினாளே?"

"எங்கள் மொழி கொஞ்சம் நீளமானது, ஐயா."

பதிவாளர் இன்னொரு முறை அவளைப் பார்த்தார். இந்த முறை அவள் கைகளை மேஜை மேல் எடுத்து வைத்து, அவர் மொழியிலேயே "சம்மதம்" என்றாள்.

பதிவாளர் பேனாவை எடுத்தார். முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் நெட்டையன் சான்றிதழின் நகல் வாங்க கவுன்டருக்கு ஓடினான். அந்த அம்மா பைக்குள் கண்ணாடியை வைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், சித்தப்பாகிட்ட..."

"நான் மொழிபெயர்க்கிறவ. தபால்காரி இல்ல."

"ஒரு வார்த்தைகூட மாத்த மாட்டேன்னு சொன்னீங்களே, அக்கா?"

"இருபத்தஞ்சு வருஷமா மாத்தினதில்ல. இன்னிக்குத்தான்."

பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அந்த அறைக் கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"என் கல்யாணத்தன்னிக்கு நானும் அதே நாற்காலியில உட்கார்ந்து, பயமா இருக்குன்னு அழுதேன். எனக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் ரொம்ப நேர்மையானவர். ஒரு வார்த்தைகூட மாத்தல."