நாலு பேர் ஆட்டோ

ஜாதவ்பூரில் படிக்க வந்த சுபிக்ஷாவுக்கு ஒரே வாரத்தில் கொல்கத்தா பிடிபட்டுவிட்டது. கடைக்காரரிடம் வங்காளம், அறைத்தோழியிடம் இந்தி என்று வெளுத்துக்கட்டினாள். டாக்குரியாவில் ஷேர் ஆட்டோ நாலு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும் என்பதும் அவளுக்கு அத்துப்படி.

எட்டாம் நாள் காலை, ஆட்டோவில் அவள் மட்டும் ஏறிப் பையைப் பக்கத்தில் வைத்தாள். உடனே வண்டி கிளம்பியது.

“இன்னும் மூணு பேர் வரணுமே, தாதா?” என்று ஓட்டுநர் அண்ணனிடம் வங்காளத்தில் கேட்டாள்.

ஓட்டுநர் கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தார். “நாலு பேர் ஆயாச்சு, தீதி.”

அம்மா போனில் வந்தாள். “தெரியாத ஊரு. தனியாவா போற?”

சுபிக்ஷா பக்கத்துக் காலி இருக்கையைப் பார்த்தாள்.

“இல்லம்மா, ஆட்டோ ஃபுல்லு” என்றபடி பையை மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

பை இருந்த இடத்தில் ரெக்சின் மெல்ல அமுங்கியது.