ஐநூறாவது இடம்

வருமானத்தில் முதல் ஐநூறு நிறுவனங்களின் பட்டியலைப் பத்திரிகைக்காக ஆண்டுதோறும் தயாரிப்பவன் குணாளன். இம்முறை கடைசி இடத்தில் ஒரு நூற்பாலையை ஒன்பது லட்சத்தில் முந்தியிருந்தது ஒரு மருத்துவமனை. சென்ற ஆண்டு அங்கேதான் அவன் மனைவி மகிழினி இறந்தாள். அவன் கட்டிய பில் பதினோரு லட்சம். அதை இரண்டு முறை கழித்துப் பார்த்தான்; நூற்பாலைதான் முந்தியது. ஆனாலும் ஐநூறாவது இடத்தில் மருத்துவமனையின் பெயரையே எழுதினான்.

மாலையில் அங்கிருந்து மக்கள் தொடர்பு அதிகாரி போன் செய்தாள்.

“சார், லிஸ்ட்ல வந்துட்டோமா?”

“வந்துட்டீங்க. ஐநூறு.”

“ஐயோ, ரொம்ப தாங்க்ஸ் சார்!”

“எனக்கு எதுக்கு? பணம் கட்டினவங்களுக்குச் சொல்லுங்க.”

அவள் சிரித்தாள். “அத்தனை பேருக்கும் எப்படி சார் சொல்றது?”

“ஒருத்தருக்குச் சொன்னா போதும்.”

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ ஸ்வீட் வாங்கிவரச் சொன்னாள். அவன் காதிலிருந்து போனை எடுக்காமல் காத்திருந்தான்.