திறக்காத குழாயின் தண்ணீர்

2025 பிப்ரவரி 12, புதன்கிழமை, காலை ஏழு மணி; மேற்கே மலை இருப்பதே தெரியாத அளவுக்குப் பனிமூட்டம்.

“ஏனுங்க அம்மணி, தண்ணி கல்கண்டாட்டம் இருக்குதுங்க! சிறுவாணின்னா சும்மாங்களா?”

ஓடக்கரைப்புதூர் மகளிர் குழுத் தலைவி முத்தாத்தாள் சொம்பை நீட்டினார். உதவிப் பொறியாளர் லாஸ்யா அதை வாங்கவில்லை.

“எந்தத் தண்ணிங்க அக்கா?”

“புதுக் குழாய்த் தண்ணிதானுங்க. விடியக்காலத்துல இருந்து வருது. தெருவே குடிச்சாச்சு. என்ற பேரன் ஒரு சொம்பு குடிச்சுப்போட்டு இன்னும் வேணுங்கறான்.”

அது வரக் கூடாத தண்ணீர். தெருவுக்கடியில் புதைத்த புதிய பெரிய குழாயைக் கிருமி நீக்குவதற்காக, பிளீச்சிங் பவுடரை அளவுக்கு மேல் கரைத்த தண்ணீரை நேற்று மாலைதான் அதில் நிரப்பி, வால்வை மூடியிருந்தார்கள். ஒரு முழு நாள் அப்படியே நிறுத்தி, பிறகு வெளியேற்றி, அலசி, பரிசோதித்த பின்னரே சிறுவாணி நீரை விட வேண்டும். இப்போது உள்ளே இருப்பதைக் குடித்தால் தொண்டையும் வயிறும் புண்ணாகும்; குழந்தைகளுக்கு என்ன ஆகும் என்று எண்ணவே லாஸ்யாவுக்கு அச்சமாக இருந்தது.

“யாரும் குடிக்காதீங்க! பேரனுக்கு வயித்த வலிக்குதான்னு மொதல்ல கேளுங்க!”

“வலிங்களா? இன்னும் நாலு இட்லி வேணும்னு கத்திட்டு இருக்கறானுங்க.”

ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் கிளமென்ட் மூச்சிரைக்க வந்தார்.

“மேடம், வால்வு மூடித்தான் இருக்குதுங்க. சாவி என்ற பாக்கெட்லயே இருக்குது.”

இருவரும் சென்று பார்த்தார்கள். வால்வு மூடியே இருந்தது. அழுத்தமானியின் முள், நேற்று மாலை நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு சிறு கசிவு இருந்தாலும் அது இறங்கியிருக்கும். அதாவது, குழாயிலிருந்து எதுவும் வெளியேறவில்லை. ஆனால், முத்தாத்தாள் வீட்டு வாசலில் புத்தம் புதிய நீலக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“பழைய போர்வெல் தண்ணி லைன் என்னாச்சு?” என்றாள் லாஸ்யா.

“அதைத் தெருமுனையிலயே கட் பண்ணி மூடச் சொல்லிப்போட்டேனுங்க. பசங்க முடிச்சாச்சுன்னாங்க.”

“அந்தப் பேச்சையே எடுக்காதீங்க!” என்று முத்தாத்தாள் குறுக்கிட்டார். “அந்த உப்புத் தண்ணிய எங்கூட்டு எருமைகூட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். அதுல பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதை நிறுத்தச் சொல்லி நாங்க குடுக்காத மனுவா?”

லாஸ்யா கண்ணாடிக் குழலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, குளோரினைக் காட்டும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். நிறம் மாறவில்லை. மருந்து கெட்டுவிட்டதோ என்ற ஐயத்தில், பெரிய குழாயின் மாதிரி எடுக்கும் திருகைத் திறந்து அந்தத் தண்ணீரிலும் விட்டுப் பார்த்தாள். அது உடனே ஆழ்ந்த சிவப்பானது.

“அப்ப ஊரு குடிச்சது இந்தத் தண்ணி இல்லீங்க மேடம்.” கிளமென்ட் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். “தப்பிச்சோம்.”

“இது இல்லைன்னா, அது எதுங்க?”

கிளமென்ட் வாசல் குழாயில் ஒரு கை பிடித்துக் குடித்தார்.

“சிறுவாணியேதானுங்க.”

“சிறுவாணிய இன்னும் நாம திறக்கவே இல்லீங்க கிளமென்ட்.”

“அதானுங்க எனக்கும் புரியல. ஆனா, சிறுவாணிதானுங்க.”

விதிக்கு மாறாக லாஸ்யாவும் ஒரு துளியை நாக்கின் நுனியில் வைத்தாள். பிறந்தது முதல் கோயம்புத்தூரில் சிறுவாணி குடித்தவள். நாக்கு சிறுவாணி என்றது. மூடிய வால்வோ, இல்லை என்றது. வேலையில் சேர்ந்தபின் முதன்முறையாக, எதை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எங்கிருந்து வருதுன்னு தெரியற வரைக்கும் இதை யாரும் குடிக்கக் கூடாதுங்க. கிளமென்ட், தெருமுனையத் தோண்டச் சொல்லுங்க.”

கூட்டம் கூடிவிட்டது.

“நல்ல தண்ணி வந்தா உடனே குழி தோண்டறீங்களே! புது லேஅவுட்டுக்குத் திருப்பி உடப்போறீங்களாங்க?” என்று ஒருத்தி கேட்டாள்.

“சும்மா சத்தம் போடாதீங்க,” என்றார் தென்னந்தோப்புக்காரர் சீனிவாசலு. “அம்மணி படிச்சவங்க. வாயில சொன்னா காத்துல போயிரும், எழுத்துல குடுத்துப்போடலாம்.”

தெருமுனையில் கடப்பாரை இறங்கிக்கொண்டிருந்தபோது மாரியம்மன் கோயில் முன்பாகக் கூட்டம் நடந்தது. தீர்மானத்தை எழுதியவர் சீனிவாசலு. பேனா கைமாறிக்கொண்டே இருந்தது. ஒருவர்கூட மறுக்கவில்லை.

முத்தாத்தாள் தாளோடு வந்து, குழியின் கரையில் நின்ற லாஸ்யாவின் முன்னால் உரக்கப் படித்தார்.

“தீர்மானம் ஒன்று: இன்று காலை முதல் வரும் தண்ணீரே எங்களுக்கு என்றும் வர வேண்டும், வேறு எந்தத் தண்ணீரையும் ஏற்க மாட்டோம். தீர்மானம் இரண்டு: பழைய உப்புத் தண்ணீர் இனி ஒரு சொட்டுகூட எங்கள் தெருவுக்குள் வரக் கூடாது.”

குழிக்குள்ளிருந்து சேறும் சகதியுமாக ஏறி வந்த கிளமென்ட், லாஸ்யாவின் காதருகே குனிந்தார்.

“மேடம், பசங்க மாத்தி மாட்டிப்போட்டாங்க. தெருவுல இருக்கற புதுக் குழாய் அத்தனையும் அந்தப் பழைய உப்புத் தண்ணி லைன்லதானுங்க இருக்குது.”

“ரெண்டையும் இன்னைக்கே செஞ்சு குடுத்துருங்க அம்மணி,” என்று, தெரு முழுவதும் கையொப்பமிட்ட தாளை முத்தாத்தாள் லாஸ்யாவின் கையில் வைத்தார்.